அலுமினியத்துல டேப் போட்ட ஓட்டை வாயில பிசிறு: லேத், மில்லிங் எதுவும் இல்லாம எப்படி எடுக்கறது?

#1 வெப்பத்தகடு

வணக்கம் மக்களே. ஒரு ஆம்ப்ளிஃபயருக்கு ஹீட் சிங்க் (சூட்டை இழுத்து வெளிய விடற தகடு) பண்ணிட்டிருக்கேன். 8 மில்லி அலுமினியத் தகடு, எம்3 (3 மில்லி ஸ்க்ரூ) ஓட்டை 36, எம்4 (4 மில்லி) ஓட்டை 8. எம்4-ல ரெண்டு மட்டும் அடி மூடினது, மத்ததெல்லாம் மறுபக்கம் வரைக்கும் போகுது. எல்லாமே கை டிரில்லுல ஓட்டை போட்டு கையால டேப் (ஓட்டைக்குள்ள மரை வெட்டற கருவி) ஓட்டினது. மரை நல்லாவே விழுந்திருக்கு, ஸ்க்ரூ விரலாலயே இறங்குது, அதுல ஒரு குறையும் இல்ல. சிக்கல் ஓட்டை வாயில தான். ஒவ்வொண்ணைச் சுத்தியும் மெல்லிசா ஒரு மேடு எழும்பி நிக்குது, நகத்தை வச்சு இழுத்தா தட்டுது. பின்பக்கம் இன்னும் மோசம், பிட்டு வெளிய வந்த இடத்துல பூ இதழ் மாதிரி கிழிஞ்சு நிக்குது.

கட்டர் பிளேடால சீவிப் பார்த்தேன், ஒரு பக்கம் ஆழமா போகுது, இன்னொரு பக்கம் பிசிறு அப்படியே இருக்கு, நடுவுல பிளேடு வழுக்கி தகட்டுல நீளமா ஒரு கோடு வேற. சரின்னு 10 மில்லி பிட்டை டிரில்லுல மாட்டி வாயில லேசா வைக்கலாம்னு பார்த்தா, வச்ச உடனே பிட்டு கவ்வி உள்ள இழுத்துடுச்சு, அந்த ஓட்டையில மேல ரெண்டு மரை காலி. அதோட நிறுத்திட்டேன்.

என்கிட்ட இருக்கறது கை டிரில், டேப் செட், ரெண்டு மூணு அரம், உப்புத்தாள், ஸ்க்ரூ டிரைவர் செட். இதை வச்சே 44 ஓட்டையையும் ஒழுங்கா முடிக்க வழி இருக்கா?

#2 மின்கசிவு

முடிக்காம மேல எதையும் மாட்டிடாதீங்க, அதைச் சொல்லத்தான் முதல்ல வந்தேன். எனக்கு நடந்தது இது. ஒரு பவர் சப்ளைக்கு மாஸ்ஃபெட்டு (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) நாலு, பின்னாடி மின்சாரம் கடத்தாத மெல்லிய சிலிக்கோன் பேடு வச்சு ஹீட் சிங்க்ல முடுக்கினேன். மாட்டின அன்னிக்கு மல்டிமீட்டர்ல எல்லாம் சுத்தமா இருந்துச்சு. ரெண்டு வாரம் ஓடி, சூடாகி ஆறி சூடாகி ஆறி, ஒரு நாள் ஃபியூஸ் போச்சு. கழட்டிப் பார்த்தா பேடுல ஸ்க்ரூ ஓட்டை ஓரத்துல ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அதைச் சுத்தி கருப்பு. அந்த பேடு கால் மில்லி கனம் கூட கிடையாது. ஓட்டை வாயில இருந்த பிசிறு கொஞ்சம் கொஞ்சமா அதுல இறங்கி மறுபக்கம் தொட்டிருக்கு. மாஸ்ஃபெட்டோட பின் தகடு டிரெய்ன்ங்கற மின்முனையோட சேர்ந்தது, ஹீட் சிங்க் கிரவுண்டு, அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

ஷார்ட் ஆகலைன்னாலும் பிசிறு மேல உட்கார்ந்த தகடு முழுசா படியாது, இடையில காத்து நிக்கும், சூடு இறங்காது. சூடு கடத்தற பேஸ்ட்டை அள்ளி அப்பினாலும் அந்த இடைவெளியை அது ஈடு கட்டாது.

#3 அரமும்நானும்

மேல் முகத்துக்கு அரம் போதும் நண்பா. தட்டையான, பல் பொடிசா இருக்கற அரத்தை எடுத்து தகட்டு மேல முழுசா படுக்க வச்சு ஓட்டுங்க. நுனியைத் தூக்காதீங்க, அமுக்காதீங்க, அரத்தோட சொந்தக் கனம் மட்டும் போதும். மேடா நிக்கறதை மட்டும் அது எடுத்துட்டு தகட்டு மேல சும்மா வழுக்கிட்டுப் போகும்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, அலுமினியம் அரத்துப் பல்லுல அப்பிக்கும். அப்பின துணுக்கு தகட்டுல ஆழமா கோடு போடும், பிசிறை விட அது மோசம். ஓட்டறதுக்கு முன்னாடி அரத்துல சாக்பீஸை நல்லா தேய்ச்சுக்கங்க, பல் இடுக்குல சாக் நிறைஞ்சிருந்தா அலுமினியம் ஒட்டாது. நாலு இழுப்புக்கு ஒரு தடவை பித்தளை பிரஷ்ஷால தட்டி விடுங்க. இரும்புல ஓட்டின பழைய அரம் வேண்டாம், பல்லுல சிக்கின இரும்புத் துகள் அலுமினியத்துல பதிஞ்சா பின்னாடி ஈரம் பட்டு அங்க அரிக்கும்.

#4 நீலமார்க்கர்

அரத்தை விட கண்ணாடி மேல உப்புத்தாள் எனக்கு நல்லா வருது. கனமான கண்ணாடித் துண்டு, மேல 400 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணி. அதுக்கு முன்னாடி தகட்டு முகம் முழுக்க மார்க்கர் பேனாவால நீலம் அடிச்சுடுங்க. தகட்டைக் கவுத்து வச்சு ரெண்டே ரெண்டு இழுப்பு, திருப்பிப் பாருங்க. எங்கெல்லாம் பிசிறு இருக்கோ அங்க மட்டும் நீலம் போய் ஓட்டையைச் சுத்தி பளிச்சுனு ஒரு வளையம் தெரியும், மத்த இடம் நீலமாவே இருக்கும். இன்னும் ஒரு பத்து இழுப்புல அந்த வளையம் அகலமாகிக்கிட்டே வந்து சுத்தியிருக்கற நீலத்தோட கலந்துடும். அப்போ மேடு போச்சுன்னு அர்த்தம், உடனே நிறுத்திடணும். நீலம் முழுக்க போற வரைக்கும் தேய்ச்சா தகட்டு ஓரம் உருண்டுடும்.

ஆனோடைஸ் பண்ணின தகடா இருந்தா இதைச் செய்யாதீங்க, மேல் பூச்சு போயிடும்.

#5 பழையஃபிட்டர்

தம்பிங்க ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா அது பாதி வேலை. மேல் முகத்தைத் தேய்ச்சா மேடு போகும், போற அந்த மேட்டுல ஒரு பங்கு மடங்கி ஓட்டைக்குள்ள தொங்கும். முதல் மரை மேல ஒரு மெல்லிய ஏடு மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரூ வச்சா முதல் சுத்து கரகரன்னு இருக்கும், அமுக்கித் திருப்பினா அந்த ஏடு மரைக்குள்ள நசுங்கி அடைக்கும். எம்3 மாதிரி சின்ன மரையில அதுவே போதும் ஸ்க்ரூ கோணலா ஏறிக்க.

ஏன் பிசிறு வருதுன்னு முதல்ல புரிஞ்சுக்கணும். அலுமினியம் மெத்துனு இருக்கற உலோகம். டேப்போட முதல் பல்லு உள்ள நுழையும்போது அதுக்கு மேல பிடிச்சு நிறுத்த எதுவும் இல்ல, அதனால அந்த இடத்துல உலோகம் வெட்டுப்படாம மேல ஒதுங்கி வெளிய பிதுங்குது. வெளிய வர்ற பக்கமும் அதே கதை, கடைசி மெல்லிசு ஏட்டை பிட்டு வெட்டாம தள்ளிக் கிழிச்சுட்டுப் போகுது. பல்லுல அலுமினியம் அப்பியிருந்தா இன்னும் மோசம், அப்போ வெட்டறது பல்லு இல்ல, அந்த அப்பின கட்டி.

ஆக சரியான முறை டேப்புக்கு முன்னாடியே வாயைச் சரிச்சு விடறது. எம்3-க்கு 2.5 மில்லி பிட்டு, எம்4-க்கு 3.3. ஓட்டை போட்ட கையோட வாயை எம்3-க்கு 3.3 மில்லி, எம்4-க்கு 4.4 மில்லி அகலம் வர்ற வரைக்கும் சரிவா எடுத்துடணும், ரெண்டு பக்கமும். மரையோட வெளி அளவை விட அந்த சரிவு கொஞ்சூண்டு பெருசா இருக்கறதால டேப் பிதுக்கற உலோகம் சரிவுக்குள்ளயே அடங்கிடும், தகட்டு முகத்துக்கு மேல வரவே வராது. அடுத்த தகட்டுக்கு இதை மனசுல வச்சுக்கங்க.

இப்போ டேப் போட்டு முடிச்ச ஓட்டைக்கு வருவோம். டிரில்லை எடுத்து ஓரமா வைங்க. உங்க 10 மில்லி பிட்டு கவ்வினது பிட்டோட குத்தம் இல்ல, மோட்டாரோட குத்தம். பிட்டோட முறுக்கு உலோகத்தை மேல அள்ளித் தூக்கற மாதிரி அமைஞ்சது, ஏற்கனவே ஓட்டை இருக்கற இடத்துல அதைத் தடுக்க நடுவுல ஒண்ணும் இல்ல, அதனால திருகாணி மாதிரி தன்னைத்தானே உள்ள இழுத்துக்கும். அதே பிட்டை விரலால திருப்புங்க. 6 இல்ல 8 மில்லி பிட்டு, தண்டுல துணி சுத்தி மேல இன்சுலேஷன் டேப் ஒட்டி தடிமனா பிடி பண்ணிக்கங்க, இல்லைன்னா விரல் அறுக்கும். ஓட்டையில நேரா நிறுத்தி, மெதுவா அமுக்கி, ரெண்டு சுத்து. தூக்கிப் பாருங்க. மெல்லிய சுருள் ஒண்ணு வளையமா கழண்டு வரும். அவ்வளவு தான்.

எல்லா ஓட்டைக்கும் ஒரே எண்ணிக்கை வைங்க. முதல் ஓட்டைக்கு ரெண்டு சுத்து போதும்னா அத்தனைக்கும் ரெண்டு சுத்து, அதே அமுக்கல். கை தானா பழகிடும்.

#6 மரச்சட்டம்

ஃபிட்டர் ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். அறுகோணத் தண்டு இருக்கற கவுண்டர்சிங்க் பிட்டு (ஓட்டை வாயைக் கூம்பா சரிக்கறது) வருதே, மர வேலைக்கு வாங்கறது, அது பிட் மாத்தற ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியில அப்படியே மாட்டும். விரலால பிட்டைத் திருகறதை விட பத்து மடங்கு வசதி, நேராவும் நிக்கும். மோட்டார்ல ஓட்டினா கடகடன்னு அதிர்ந்து வாய் பலகோணமா ஆகும், கையால திருப்பினா அந்த அதிர்வே வராது.

வாங்கறதா இருந்தா கூம்புல சாய்வா ஒரே ஒரு துளை போட்ட வகை கிடைச்சா அதை எடுங்க. அதுக்கு ஒரே ஒரு வெட்டு விளிம்பு தான், மிச்ச கூம்பு முழுக்க ஓட்டையோட ஓரத்துல ஒட்டி உட்கார்ந்துக்கும், அதனால அலைபாயாது, பிசிறு அந்த துளை வழியா சுருண்டு மேல வரும். அலுமினியத்துக்கு அவ்வளவு பொருத்தம்.

#7 சுருக்குவழி

44 ஓட்டை ரெண்டு பக்கம்னா கிட்டத்தட்ட 90 தடவை திருப்பணும். அதுக்குப் பதிலா அடைப்பு எடுக்கற காஸ்டிக் சோடாவைத் தண்ணில கரைச்சு தகட்டை ஊற வச்சா மெல்லிசா இருக்கற பிசிறு முதல்ல கரைஞ்சு போயிடாதா? அலுமினியம் அதுல கரையும் தானே.

#8 பழையஃபிட்டர்

கரையும் தம்பி, அது தான் பயமே. பிசிறு எவ்வளவு மெல்லிசோ மரையோட நுனியும் கிட்டத்தட்ட அவ்வளவு மெல்லிசு. பிசிறு கரையற நேரத்துல மரை நுனி எல்லா பக்கமும் கரைஞ்சு ஸ்க்ரூ லொடலொடன்னு ஆடும். தகட்டு முகமும் சொரசொரப்பாகிடும், ட்ரான்சிஸ்டர் படியற முகம் அது. அது மட்டும் இல்ல, அலுமினியமும் காஸ்டிக்கும் சேரும்போது ஹைட்ரஜன் வாயு வரும், கரைசல் தானா சூடாகும், சூடாக ஆக இன்னும் வேகமா கரையும், பொங்கித் தெறிக்கும். தெறிச்சது கண்ணுல பட்டா பார்வையே போகும். வீட்டுல யாரும் இதைப் பண்ண வேண்டாம், இதைப் படிக்கற எல்லாருக்கும் சேர்த்து தான் சொல்றேன்.

நெருப்பு காட்டி எரிக்கலாமான்னு அடுத்து யாராவது கேட்பாங்க, அதுவும் வேண்டாம். டி6 பதம் ஏத்தின (சூட்டுல பக்குவப்படுத்தி கெட்டியாக்கின) அலுமினியம் 200 டிகிரி செல்சியஸ் தாண்டி சூடு ஏற ஏற பதம் இறங்கும், அப்புறம் மரைக்கு பிடிப்பு இருக்காது.

#9 சுருக்குவழி

புரிஞ்சது ஐயா, கண்ணு விஷயம் எனக்குத் தோணவே இல்ல. நன்றி.

இன்னொண்ணு கேள்விப்பட்டிருக்கேன், உருண்டைத் தலை பித்தளை ஸ்க்ரூவை டிரில்லுல மாட்டி, தலையில வால்வு தேய்க்கற பேஸ்ட்டைத் தடவி, ஓட்டை வாயில வச்சு வட்டமா ஆட்டிக்கிட்டே ஓட்டினா ஓரம் அழகா உருண்டு வருமாம். இதுவாவது சரியா?

#10 அரமும்நானும்

அது நல்ல வித்தை தான், நானே பண்ணியிருக்கேன். உருண்டைத் தலை எந்தக் கோணத்துல சாஞ்சாலும் ஓட்டை வாயில சமமா உட்காரும், அதனால கை ஆடினாலும் ஓரம் வட்டமாவே வரும். ஆனா மரை இல்லாத ஓட்டைக்கு, அதுவும் இரும்புல. அந்த பேஸ்ட்டுல இருக்கற துகள் மெத்துனு இருக்கற அலுமினியத்துல போய் பதிஞ்சுக்கும். மரைக்குள்ள இறங்கினா கழுவினாலும் முழுசா போகாது, அப்புறம் ஒவ்வொரு தடவை ஸ்க்ரூ போடும்போதும் அது மரையை அரைக்கும். ஹீட் சிங்க்குக்கு வேண்டவே வேண்டாம்.

#11 வெப்பத்தகடு

முதல்ல எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி உட்கார்ந்து 12 ஓட்டை முடிச்சேன். மார்க்கர் அடிச்சு கண்ணாடி மேல தேய்ச்சதுல அந்த பளிச்சுனு வளையம் அப்படியே தெரிஞ்சது, ஒரு ஓட்டையில மட்டும் வளையம் அரைவட்டமா இருந்துச்சு, டேப் சாஞ்சு இறங்கினது அந்தப் பக்கம் தான்னு அதைப் பார்த்து தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

அப்புறம் 8 மில்லி பிட்டுக்கு துணி சுத்தி கையால ரெண்டு சுத்து. ஐயா சொன்ன மாதிரியே சுருள் வந்துச்சு, ஆனா சில ஓட்டையில பிட்டு நடுவுல சிக்கிக்கிட்டு ஜர்க் ஆகுது, கையாலயே கவ்வற மாதிரி. ஸ்க்ரூ போட்டா முதல் சுத்துல இன்னும் அந்த கரகரப்பு இருக்கு. டேப்பை மறுபடி ஓட்டணுமா? ஓட்டினா மறுபடி பிசிறு வராதா?

#12 பழையஃபிட்டர்

கவ்வறதுக்கு மருந்து இருக்கு. அந்த பிட்டை இதுக்குன்னே ஒதுக்கிடுங்க. வெட்டற விளிம்பு ரெண்டுலயும், முன் முகத்துல, சாணைக்கல்லை பிட்டோட தண்டுக்கு இணையா பிடிச்சு நாலு தடவை தேய்ங்க. விளிம்புல மயிரிழை அகலத்துக்கு ஒரு பளபளப்பான பட்டை வரும். அந்தப் பட்டை வந்துட்டா பிட்டு அள்ளித் தூக்காது, சுரண்டி எடுக்கும். பித்தளையில ஓட்டை போடறவங்க காலங்காலமா பிட்டை இப்படித் தான் மழுக்கி வச்சுக்கறாங்க. ரெண்டு விளிம்புலயும் ஒரே அளவு இருக்கணும், அது முக்கியம். ஓட்டும்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்க, அலுமினியத்துக்கு அதை மாதிரி கிடையாது, அப்பாது, வெட்டுமுகம் பளிங்கு மாதிரி வரும். பக்கத்துல நெருப்பு மட்டும் இருக்கக் கூடாது.

டேப்பை மறுபடி ஓட்டத் தான் வேணும். இப்போ வாய் சரிவா இருக்கறதால பிதுங்கறது மேல வராது, பயப்படாதீங்க. எந்தப் பக்கம் சரிச்சீங்களோ அதுக்கு எதிர்ப்பக்கத்துல இருந்து டேப்பை விடுங்க, அப்போ தொங்கற ஏடு வெளிய தள்ளப்படும். சரிச்ச பக்கமே விட்டா அதை மரைக்குள்ள நசுக்கிக்கிட்டு போகும். விடும்போது முதல்ல இடது பக்கமா, அதாவது கழட்டற திசையில மெதுவா சுத்துங்க. ஒரு இடத்துல டக்குனு ஒரு சின்ன விழுதல் விரலுக்குத் தெரியும். டேப்போட பல்லு பழைய மரையோட வாயில விழுந்த இடம் அது. அங்கிருந்து வலது பக்கமா திருப்புங்க. கைப்பிடி கூட தேவையில்ல, விரலாலயே போகணும். விரலுக்கு மீறி இறுகினா நிறுத்துங்க, புது மரை வெட்ட ஆரம்பிச்சுட்டீங்கன்னு அர்த்தம், பின்னாடி எடுத்து மறுபடி அந்த டக்கைத் தேடுங்க.

வெளிய வந்ததும் மறுபடி பிட்டை வச்சு கால் சுத்து, அமுக்காம. முடிஞ்சது.

#13 நீலமார்க்கர்

புது டேப்பை இதுக்காக தேய்க்க மனசு வராதவங்களுக்கு: ஒரு நல்ல ஸ்டீல் போல்ட் எடுத்து, முதல்ல அதுல ஒரு நட்டைக் கழுத்து வரைக்கும் ஏத்திடுங்க. அப்புறம் நுனியில இருந்து ஒரு 10 மில்லி நீளத்துக்கு முக்கோண அரத்தால நீளவாக்குல மூணு பள்ளம் போடுங்க. நுனியை லேசா கூம்பாக்குங்க. கடைசியா அந்த நட்டைக் கழட்டி வெளிய எடுங்க, போற வழியில அரம் கிளப்பின பிசிறையெல்லாம் நட்டே வழிச்சுட்டுப் போயிடும். இப்போ உங்க கையில இருக்கறது மரை சுத்தம் பண்ற ஒரு கருவி. புது மரை இது வெட்டாது, அதனால இருக்கற மரையைக் கெடுக்கவும் கெடுக்காது. பள்ளத்துல பிசிறு சேர்ந்துக்கும், அப்பப்போ துடைச்சுக்கங்க.

எம்3 மாதிரி சின்னதுல பள்ளம் போடறது கஷ்டம், அதுக்கு ரம்பத்தால நுனியில ஒரே ஒரு வெட்டு போதும்.

#14 குறுக்குத்துளை

இழையைக் கடத்தறேன்னு நினைக்காதீங்க, கிட்டத்தட்ட அதே சிக்கல் தான். சதுரக் குழாய், சுவர் 2 மில்லி, அதுல எம்4 டேப். உள்ள இன்னொரு குழாய் வழுக்கிப் போகணும், வெளிய இருந்து போல்ட் முடுக்கினா நிக்கணும். வெளிப்பக்கம் சரி பண்ணிட்டேன். உள்பக்க பிசிறு தான் எட்டலை, உள் குழாயை விட்டா கர்ருனு கோடு போட்டுக்கிட்டே போகுது. ஓட்டை குழாய் நுனியில இருந்து ஒரு சாண் உள்ள இருக்கு.

#15 மரச்சட்டம்

குழாய்க்குள்ள சிக்குனு போற அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் சீவிக்கங்க, உள் அளவை விட உப்புத்தாள் கனம் அளவுக்கு மட்டும் சின்னதா. ஒரு முகத்துல மட்டும் 240 நம்பர் தாளை ஒட்டுங்க, அந்த முகம் ஓட்டை இருக்கற பக்கம் பார்க்கணும். உள்ள விட்டு முன்னும் பின்னும் இழுங்க. மத்த மூணு பக்கமும் சுவர் பிடிச்சுக்கறதால தாள் தட்டையாவே ஓடும், பிசிறை மட்டும் எடுக்கும். அப்புறம் டேப்பை வெளிய இருந்து விட்டு எடுத்து, மறுபடி கட்டையை நாலு இழுப்பு. இப்படி மாத்தி மாத்தி ரெண்டு சுத்து பண்ணினா போதும், உள்பக்கம் சரிவு எடுக்க வேண்டிய அவசியமே இல்ல.

#16 பழையஃபிட்டர்

கட்டை யோசனை ரொம்ப சரி. குழாய்க்காரத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. எம்4 மரைக்கு ஒரு சுத்துக்கு 0.7 மில்லி. 2 மில்லி சுவர்ல மொத்தமே மூணு மரை கூட முழுசா இல்ல. வெளிப்பக்கம் 90 டிகிரி கூம்பால 4.4 மில்லி அகலத்துக்குச் சரிச்சா ஆழம் 0.55 மில்லி, கிட்டத்தட்ட ஒரு மரை போச்சு. அதனால மெல்லிய சுவர்ல கவுண்டர்சிங்கை விட சாதா பிட்டே மேல், அதோட நுனி 118 டிகிரி, இன்னும் தட்டையா இருக்கறதால அதே அகலத்துக்கு 0.33 மில்லி தான் இறங்கும். அதையும் பாதியோட நிறுத்துங்க, பிசிறு போனா போதும். போல்ட்டை முடுக்கி முடுக்கிக் கழட்டற இடம்னா 2 மில்லி அலுமினியம் ரொம்ப நாள் தாங்காது, ரிவெட் நட்டு (மெல்லிய சுவர்ல அமுக்கிப் பிடிக்க வைக்கற மரையுள்ள குழல்) போட்டுக்கறது நல்லது.

8 மில்லி தகட்டுக்காரருக்கு இந்தக் கவலை இல்ல. ஆனா அவரும் வாயை அளவுக்கு மேல அகலப்படுத்தக் கூடாது, பேடுக்கு அடியில அலுமினியம் இல்லாத இடம் கூடிக்கிட்டே போகும்.

#17 மின்கசிவு

முடிச்சுட்டோம்னு எப்படி உறுதி பண்றது, அதை யாரும் சொல்லலை. நகத்தை நம்பாதீங்க, நானும் நகத்தை நம்பித் தான் ஃபியூஸ் போச்சு. காது குடையற பஞ்சுக் குச்சி எடுத்து, பஞ்சைக் கொஞ்சம் பிரிச்சு விட்டு, ஓட்டை வாயைச் சுத்தி ஒரு வட்டம் இழுங்க. பிசிறு இருந்தா ஒரு இழையாவது பிடிச்சு இழுத்து வச்சுக்கும். கறுப்புத் துணி மேல தகட்டை வச்சு டார்ச்சை ஓரமா, தகட்டோட மட்டத்துக்குப் பிடிச்சா அந்த வெள்ளை இழை நல்லாத் தெரியும். எந்த ஓட்டையில இழை நிக்குதோ அதை மட்டும் மறுபடி பாருங்க.

கழுவறதும் முக்கியம். சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ், ஓட்டைக்குள்ள பல் இடுக்கு சுத்தம் பண்ற குட்டி பிரஷ். எம்3-க்கு அந்தக் குட்டி பிரஷ் கச்சிதமா போகும், திருகிக்கிட்டே விட்டு எடுங்க. ஸ்டீல் வுல் வேண்டாம், உடைஞ்ச நூல் ஒண்ணு போர்டு மேல விழுந்தா அது இன்னொரு ஷார்ட்டு. ஏர் அடிச்சு ஊதறதா இருந்தா கண்ணாடி போட்டுக்கிட்டு, ஓட்டையைத் துணியால மூடிக்கிட்டு ஊதுங்க, துணுக்கு வர்ற வேகம் அப்படி.

#18 வெப்பத்தகடு

42 ஓட்டை முடிஞ்சது. பிட்டு விளிம்பை சாணைக்கல்லுல தேய்ச்ச அப்புறம் வேற ஏதோ கருவி மாதிரி ஆயிடுச்சு, ஒரு ஜர்க்கும் இல்ல, பவுடர் மாதிரி மெல்லிசா சுரண்டி எடுக்குது, சரிவு கண்ணாடி மாதிரி இருக்கு. டேப்பை இடது பக்கமா சுத்தினப்போ அந்த டக்கு முதல்ல பிடிபடவே இல்ல, மூணாவது ஓட்டையில கண்ணை மூடிக்கிட்டு சுத்தினேன், அப்போ விரலுக்குத் தெரிஞ்சது, அதுக்கப்புறம் ஒவ்வொரு ஓட்டையிலயும் தெரிஞ்சது. பஞ்சு வச்சுப் பார்த்ததுல முடிஞ்சதுன்னு நான் நினைச்ச 5 ஓட்டையில இழை நின்னுச்சு. மின்கசிவு அக்கா சொல்லலைன்னா அப்படியே பேடு ஒட்டியிருப்பேன்.

முதல் நாள் டிரில் கவ்வின ஓட்டையில மேல ரெண்டு மரை போனாலும் மிச்சம் நிறைய இருக்கு, ஸ்க்ரூ நல்லாப் பிடிக்குது. பேடுக்கு அடியில வராத இடம் அது, அதனால விட்டுட்டேன்.

மிச்சம் அந்த அடி மூடின எம்4 ரெண்டு. எதிர்ப்பக்கத்துல இருந்து டேப் விட வழி இல்ல, மேல இருந்து விட்டா துணுக்கு அடியில போய் சேர்ந்துக்குது, ஸ்க்ரூ அடி வரைக்கும் போகலை.

#19 பழையஃபிட்டர்

டேப்பை நல்லா கழுவிட்டு அதோட பள்ளத்துல கெட்டி கிரீஸை நிரப்பி விடுங்க. வெட்டற துணுக்கு கிரீஸ்ல ஒட்டிக்கிட்டு டேப்போடயே வெளிய வந்துடும். ஒரே மூச்சுல போகாதீங்க, ஒரு சுத்து உள்ள, அரை சுத்து பின்னாடி, ரெண்டு மூணு தடவைக்கு ஒருக்கா முழுசா வெளிய எடுத்து துடைச்சு மறுபடி கிரீஸ். அடியில ஏற்கனவே இருக்கறதுக்கு, மெத்துனு இருக்கற மரக்குச்சி ஒண்ணை ஓட்டைக்குக் கொஞ்சம் இறுக்கமா சீவி, நுனியை நசுக்கி, ஸ்க்ரூ மாதிரி திருகி உள்ள விட்டு திருகியே வெளிய எடுங்க. மரம் மரைக்குள்ள அமுங்கிக்கிட்டு போகும், வரும்போது துணுக்கு அதுல குத்தி நிக்கும்.

#20 வெப்பத்தகடு

குச்சி நுனியில ஏழெட்டு துணுக்கு, ஒண்ணு முழு வளையமா, முதல் மரையில இருந்து கழண்டு விழுந்ததா தான் இருக்கும். கிரீஸ் வச்சு மூணு தடவை ஓட்டினதுல ரெண்டு ஓட்டையும் சுத்தம், ஸ்க்ரூ அடி வரைக்கும் விரலாலயே போகுது. தகட்டை சோப்புத் தண்ணில கழுவி கிரீஸ் போற வரைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு காய வச்சிருக்கேன். காலையில பஞ்சு சோதனை இன்னொரு தடவை பார்த்துட்டு பேடு ஒட்டறேன். மாஸ்ஃபெட்டு ஏத்தி ஒரு மாசம் ஓடினதும் ஒண்ணைக் கழட்டி பேடோட பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடறேன்.